ஆர்சி (ரிமோட்) கார் ஒரு பக்கமா இழுக்குதா? சில்லு அலைன்மென்ட் வீட்டிலயே பாக்கிற முறை

போன கிழமை பின்னேரம் அக்காட மகன் காரைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டான், "மாமா இது இடப்பக்கமாவே இழுக்குது, ரிமோட்ல ட்ரிம்மை முழுக்கத் திருப்பிட்டன், இன்னும் சரிவரேல்ல" எண்டு. வாங்கி மேசையில வைச்சுப் பாத்தா ட்ரிம் (ஸ்டியரிங் நடுவை இடம் வலமாக் கொஞ்சம் தள்ளுற ரிமோட் திருகு) வலப்பக்கம் கடைசிவரைக்கும் போய் முட்டி நிக்குது, முன்சில்லு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாக்குது, பின்னால ஒரு மேல்தடியிட கப் (தடி முனையில குண்டில மாட்டுற பிளாஸ்டிக் துண்டு) அரைவாசி கழண்டு தொங்குது. அவனில பிழை இல்லை, புதுசா ஆர்சி ஓட்டுற கன பேர் இதைத்தான் செய்யினம். கார் இழுத்தா உடனே கை போறது ட்ரிம்முக்கு. ஆனா ட்ரிம் நோயை மாத்தாது, மூடித்தான் வைக்கும். அண்டைக்கு அவனுக்குப் பக்கத்தில இருத்திச் செய்து காட்டினதைத்தான் இங்க எழுதுறன், திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு விறாந்தையில, ஹார்ட்வெயார் கடைச் சாமானையும் பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டியையும் வைச்சுத்தான் செய்தம், பெரிய செட்டப் ஸ்டேஷன் ஒண்டும் தேவையில்லை.

ஒரேயொரு விசயத்தை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ: ஒழுங்கு மாறக்கூடாது. முதல்ல சமதளம், பிறகு உடைஞ்சது வளைஞ்சது பாக்கிறது, பிறகு உயரம், பிறகு கேம்பர், பிறகு ஸ்டியரிங் நடு, அதுக்குப் பிறகுதான் டோ. ஏனெண்டா உயரத்தை மாத்தினா கேம்பர் மாறும், கேம்பரை மாத்தினா டோ கொஞ்சம் மாறும், அப்ப டோவை முதல் சரிபண்ணிட்டு பிறகு உயரத்தைத் தொட்டா செய்த வேலை எல்லாம் வீண், திரும்ப முதல்ல இருந்து வரோணும்.

சொல்லுகளை விளங்கிக்கொள்ளுவம்

காரை முன்னால இருந்து பாக்கேக்க சில்லிட தலை உள்ளுக்குச் சாஞ்சிருந்தா நெகட்டிவ் கேம்பர், வெளியில சாஞ்சிருந்தா பொசிட்டிவ். வளைவில கார் வெளிப்பக்கம் சரியும், அப்ப வெளிச்சில்லு டயரிட ஓரத்தில ஏறி நிக்கப் பாக்கும், முதலே கொஞ்சம் உள்ளுக்குச் சாச்சு வைச்சா அந்த நேரம் டயர் முழுசா நிலத்தில பதியும், நெகட்டிவ் வைக்கிறது அதுக்குத்தான்.

டோ எண்டது மேல இருந்து பாக்கிறது. கால் பெருவிரல் ரெண்டையும் உள்ளுக்குத் திருப்பி நிண்டா எப்பிடியோ அதுதான் டோ-இன், வெளியில விரிச்சு நிண்டா டோ-அவுட். பின்சில்லுக்கு டோ-இன் இருந்தா கார் வால் ஆட்டாம போகும். முன்சில்லுக்கு டோ-அவுட் கொஞ்சம் இருந்தா வளைவுக்குள்ள சட்டெண்டு நுழையும், கூடிப்போனா நேர் ரோட்டில அலையும்.

காஸ்டர் எண்டது முன்சில்லு திரும்புற அச்சு பின்பக்கம் சாஞ்சிருக்கிற அளவு. இது பெரும்பாலும் காரோட வந்த பிளாஸ்டிக் துண்டிலயே முடிவாகி இருக்கும், புதுசா வாறாக்கள் இதைத் தொடவேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரே துண்டுதான் பூட்டி இருக்கா எண்டு மட்டும் பாத்தாக் காணும்.

சமதளம்

கன பேர் இந்த இடத்திலதான் சறுக்கிறது. வீட்டு டைல்ஸ் நிலம் கண்ணுக்குச் சமமாத் தெரியும், ஆனா ஒரு டைலுக்கும் அடுத்த டைலுக்கும் நடுவில அரை மில்லிமீற்றர் ஏத்த இறக்கம் இருந்தாலே ஆர்சி காருக்கு அது பெரிய மேடு, போதாததுக்கு விறாந்தை எண்டா மழைத்தண்ணி ஓட மேசன்மார் வேணுமெண்டே சரிச்சுத்தான் போட்டிருப்பினம். கண்ணாடிக் கடையில போய் 6 மில்லி கண்ணாடித் துண்டொண்டு வெட்டி எடுங்கோ, காரை விட ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் கூட இருந்தா நல்லம், விளிம்பைத் தேச்சுத் தரச் சொல்லுங்கோ, கை வெட்டாது. மேசையில நாலா மடிச்ச துணியொண்டை விரிச்சு அதுக்கு மேல வைச்சு, நீர்மட்டத்தை நீளத்துக்கும் குறுக்குக்கும் வைச்சுப் பாருங்கோ. குமிழி ஒரு பக்கம் ஓடினா மேசைக் காலுக்குக் கீழ கடதாசி மடிச்சு வைச்சுச் சரிபண்ணுங்கோ.

அதோட தேவைப்படுறது: 30 சென்ரிமீற்றர் இரும்பு அடிமட்டம் ரெண்டு, மூலைமட்டம் ஒண்டு, வேணியர் ஒண்டு, கொஞ்சம் ரப்பர் பேண்ட், தையல் நூல், 1.5, 2, 2.5 மில்லி அலன் கீ, டேர்ன்பக்கிள் (திருப்பி நீளம் மாத்திற தடி) திருப்ப சின்ன ஸ்பனர், ஒரு கொப்பி, ஒரு பேனை.

கேம்பர் கேஜ் எண்டு பிளாஸ்டிக்கில சின்னச் சாமான் விக்குது. நான் ஒருக்கா ஒன்லைன்ல எடுத்தது 1 டிகிரி பிழையா அச்சடிச்சு வந்தது, மூண்டு மாதமா அதை நம்பி ஓட்டி டயரிட உள்விளிம்பைத் தேச்சுக் கெடுத்திட்டன், மனசு எரிஞ்சு போச்சு. அதால எந்தக் கேஜ் வாங்கினாலும் முதல்ல மூலைமட்டத்தோட ஒட்டிப் பிடிச்சு 90 எண்ட இடம் சரியா எண்டு பாருங்கோ.

அளக்க முதல் காரைப் பாருங்கோ

பற்றறியை உள்ளுக்கு வைச்சுப் பூட்டுங்கோ, ஓடேக்க என்ன பாரமோ அந்தப் பாரத்தோடதான் அளக்கோணும். ஒவ்வொரு சில்லையும் கையால மேல கீழ, முன்ன பின்ன ஆட்டிப் பாருங்கோ. டக்டக் எண்டு ஆட்டம் இருந்தா எங்க ஆடுது எண்டு விரல் வைச்சுத் தேடுங்கோ, சில்லு நட்டா, பெயரிங்கா, சில்லைத் தாங்கிற ஆர்முக்குள்ள கம்பி போற ஓட்டையா, இல்லாட்டி தடி முனையில இருக்கிற போல் கப்பா. விலை குறைஞ்ச கார்ல பெயரிங்குக்குப் பதிலா பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பினம், அது தேய்ஞ்சா சில்லு தன்ட பாட்டில 1 டிகிரி வரைக்கும் ஆடும், அப்பிடி ஆடுற சில்லில அரை டிகிரி சரிபண்ணப் போறது நேரத்தைக் கொல்லுற வேலை, முதல் பெயரிங் மாத்துங்கோ.

எங்கட ஊர்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில ஈர மணல் ரோட்டுப் போல இறுகிக் கிடக்கும், பொடியள் பகி (மணல், கரடுமுரடில ஓடுற) காரைக் கொண்டுபோய் அங்க ஓட்டாம இருக்கமாட்டினம், நானும் ஓட்டுவன். ஆனா அந்த மணல் போல் கப்புக்குள்ள போய் அரத்தாள் மாதிரித் தேய்க்கும், உப்பு பெயரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரையால வந்த அண்டைக்கே நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, சின்னத் தூரிகையால மணலைத் தட்டி, காயவிடுங்கோ. கப்புக்குள்ள எண்ணெய் விடாதீங்கோ, எண்ணெய் அடுத்தமுறை மணலை இன்னும் பிடிச்சு வைச்சிருக்கும்.

ஷொக் (ஸ்பிரிங் போட்ட அதிர்வுதாங்கி) நாலையும் கழட்டி முன் ரெண்டையும் ஒண்டோடொண்டு பக்கத்தில பிடிச்சு நீளம் பாருங்கோ, பின் ரெண்டும் அப்பிடியே. முழுசா நீட்டேக்க ஒரு மில்லி வித்தியாசம் இருந்தாலும் சரிபண்ணிட்டுத்தான் திரும்பப் பூட்டோணும், மேல சொன்ன இழுவைக்கு இதுவும் ஒரு காரணம்.

உயரம்

காரை ஒரு பத்து சென்ரிமீற்றர் தூக்கிக் கண்ணாடியில விடுங்கோ, அது தன்ட பாட்டில அமர்ந்து நிக்கும் உயரம்தான் கணக்கு. கையால அமத்தி விட்டா சில நேரம் ஷொக் பிடிச்சுக்கொண்டு கீழயே நிக்கும். அளக்கிறதுக்கு நான் பாவிக்கிறது ட்ரில் பிட். 8 மில்லி ட்ரில் பிட்டிட வழுவழுப்பான அடிப்பக்கத்தைச் சசிக்கு (காரிட அடித்தட்டுக்கு) கீழ தள்ளிப் பாருங்கோ, லேசா உரசிக்கொண்டு போனா உயரம் 8 மில்லி. முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் எண்டு நாலு இடத்திலயும் பாத்துக் கொப்பியில எழுதுங்கோ.

எவ்வளவு வைக்கிறது? 1/10 (உண்மைக் காரில பத்தில ஒரு பங்கு அளவு) ரோட் கார் வெளிநாட்டு ரேஸ் ட்ராக்கில 5, 5.5 மில்லியில ஓடும், எங்கட காப்பெட் ரோட்டில அப்பிடி வைச்சா சின்னக் கல்லுக்கும் சசி அடிபடும், நான் 8ல இருந்து 10க்குள்ள வைக்கிறன். பகிக்கு 20ல இருந்து 25 மில்லி, இல்லாட்டி பின்னால சில்லுக்குப் போற ட்ரைவ் ஷாஃப்ட் நிலத்துக்குச் சமமாப் படுத்திருக்கிற உயரம். ஷொக்கில இருக்கிற வளையத்தைச் சுத்தியோ, ஸ்பிரிங்குக்கு மேல போடுற பிளாஸ்டிக் கிளிப்பை மாத்தியோ இதைச் சரிபண்ணலாம்.

ரெண்டு பக்கமும் உயரம் ஒண்டா வந்தாலும் கார் முறுக்கா நிக்கலாம், கதிரையிட ஒரு கால் குட்டையா இருக்கிற மாதிரி. அதைப் பாக்க, கத்தி நுனியை முன்பக்கச் சசியிட சரி நடுவில வைச்சு மெல்லத் தூக்குங்கோ, கண்ணை நிலத்தோட வைச்சுப் பாருங்கோ. ரெண்டு முன்சில்லும் ஒரே நேரம் கிளம்போணும். வலது முதல் கிளம்பினா பிழை முன்னால இல்லை, பின் வலது ஸ்பிரிங் கூடுதலாத் தள்ளுது, அந்த வளையத்தைக் கொஞ்சம் தளத்தி பின் இடதைக் கொஞ்சம் இறுக்குங்கோ. பிறகு பின்பக்கத்தைத் தூக்கி அதே மாதிரி முன் ஸ்பிரிங்கைப் பாருங்கோ. அன்டி-ரோல் பார் (இடம் வலம் ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற வளைகம்பி) இருந்தா இதைப் பாக்கேக்க கழட்டி விடுங்கோ.

கேம்பர்

மூலைமட்டத்தைக் கண்ணாடியில நிமிர்த்தி வைச்சு சில்லுக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ. டயரில ஒட்டி அளக்காதீங்கோ, கீழ டயர் பிதுங்கி நிக்கும், அளவு பிழைக்கும். ரிம்மிட மேல் விளிம்புக்கும் மூலைமட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கீழ் விளிம்புக்கு எவ்வளவு எண்டு வேணியரால ரெண்டையும் அளந்து கழியுங்கோ. ரோட் கார் ரிம் 52 மில்லி அளவில இருக்கும், அதில மேலயும் கீழயும் 0.9 மில்லி வித்தியாசம் வந்தா அது 1 டிகிரி, 1.4 மில்லி வந்தா ஒண்டரை, 1.8 வந்தா 2. பகியிட 2.2 இஞ்சி ரிம்முக்குக் கணக்கு இன்னும் லேசு, 1 மில்லிக்கு 1 டிகிரி.

போன்ல லெவல் ஆப் போட்டும் பாக்கினம், ஆனா போனிட பாரமே சில்லைத் தள்ளிப்போடும், ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ.

முன்னால நெகட்டிவ் ஒண்டரை, பின்னாலயும் ஒண்டரை, இதில தொடங்குங்கோ. மாத்திறது சில்லிட மேல்பக்கம் போற டேர்ன்பக்கிள் தடியில. அதில ஒரு முனை சாதாரண மரை, மற்ற முனை இடது மரை, அதாலதான் கப்பைக் கழட்டாம நடுவில பிடிச்சுத் திருப்பினாலே தடி நீளும் குறுகும். தடியை நீட்டினா சில்லிட தலை வெளியில போகும், நெகட்டிவ் குறையும். 3 மில்லி மரைக்கு ஒரு சுத்துக்கு அரை மில்லி, ரெண்டு முனையும் சேந்து ஒரு சுத்துக்கு 1 மில்லி நீளும். கேக்கச் சின்ன அளவாத் தெரியும், ஆனா அந்த 1 மில்லி ஒண்டரை டிகிரி வரைக்கும் கேம்பரை மாத்திப்போடும், அதால ஒரேயடியாக் கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்கோ. திருப்பினாப் பிறகு காரைத் தூக்கி விட்டு, அமரவிட்டு, திரும்ப அளவுங்கோ.

தடி பூட்டேக்க எல்லாத்திலயும் இடது மரை காரிட இடப்பக்கம் வாறமாதிரிப் பூட்டுங்கோ. சிலதில இடது மரைப் பக்கம் சின்னக் கீறு போட்டிருப்பினம். அப்பிடிப் பூட்டினா எந்தத் தடியைத் திருப்பினாலும் ஒரே பக்கம் திருப்பத்தான் நீளும், ஒவ்வொருக்காவும் யோசிக்கத் தேவையில்லை.

உங்கட கார்ல மேல்தடி திருப்ப ஏலாத ஒரே பிளாஸ்டிக் துண்டா இருந்தாப் பயப்படாதீங்கோ, டாமியாவிட சாதாரண டிடி-02வும் அப்பிடித்தான் வருது. அதில கேம்பரை விட்டிட்டு மற்றதைப் பாருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தாலே கார் ஒழுங்கா ஓடும்.

ஸ்டியரிங் நடு

மோட்டர் வயரைக் கழட்டி விடுங்கோ, கையுக்குள்ள கார் திடீரெண்டு பாயாது. ரிமோட்டை முதல் போடுங்கோ, பிறகு காரை. ட்ரிம், சப்-ட்ரிம் (ரிமோட் மெனுவுக்குள்ள இருக்கிற ட்ரிம்) எல்லாத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ. இப்ப சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்புற சின்ன மோட்டர்) தன்ட உண்மையான நடுவில நிக்கும். சர்வோக் கையைக் கழட்டி, கைப்புத்தகத்தில காட்டின கோணத்துக்கு, பெரும்பாலும் தடிக்குச் சரி 90 டிகிரியில, திரும்பப் பூட்டுங்கோ. சர்வோ அச்சில இருக்கிற பல் சரியா அந்த இடத்தில வராது. ஃபுட்டாபா சர்வோவில 25 பல், ஹைடெக்கில 24, சன்வாவில 23. 25 பல்லெண்டா ஒரு பல் தள்ளினாலே 14.4 டிகிரி மாறும். ஆகக் கிட்டின பல்லில பூட்டி, மிச்சத்தைச் சப்-ட்ரிம்மால சரிபண்ணுங்கோ, சப்-ட்ரிம் இருக்கிறதே இதுக்குத்தான். பிறகு சர்வோவில இருந்து ஸ்டியரிங்குக்குப் போற தடியை, நடுக்கை நேராப் பாக்கிற மாதிரி நீட்டிக் குறைச்சு வையுங்கோ.

டோ

பின்பக்கத்தில இருந்து தொடங்குங்கோ. முன்சில்லு எவ்வளவு நேரா இருந்தாலும் பின்சில்லு ரெண்டும் வேற வேற டோவில இருந்தா கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டாத்தான் போகும்.

அடிமட்டம் ஒவ்வொண்டையும் ஒவ்வொரு பின்சில்லிட வெளிப்பக்க ரிம்மோட ஒட்டி, நிலத்துக்குச் சமாந்தரமா, சில்லு சரி நடுவில வாறமாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கோ. சில்லு நட்டு வெளியில துருத்திக்கொண்டு நிண்டா அடிமட்டத்தைக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்கோ, டோவுக்கு அதால பிழை வராது. இப்ப ரெண்டு அடிமட்டத்துக்கும் நடுவில முன் முனையில எவ்வளவு தூரம், பின் முனையில எவ்வளவு தூரம் எண்டு அளவுங்கோ. 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தில வித்தியாசம் 10.5 மில்லி வந்தா ஒவ்வொரு சில்லும் 1 டிகிரி. பின்சில்லு ஒவ்வொண்டும் ரெண்டரை டிகிரி டோ-இன் இருந்தா வித்தியாசம் 26 மில்லி வரும். சில்லில நேரா அளந்தா 1 மில்லியிட பிழை கண்ணுக்குத் தெரியாது, அடிமட்டத்தைக் கட்டினா அதே பிழை அஞ்சு மடங்கு பெருத்துக் காட்டும், அதுதான் இந்த முறையை நான் விடாமப் பிடிச்சிருக்கிறன்.

ஆனா இது ரெண்டு சில்லிடயும் கூட்டுத்தொகை. இடதில 4, வலதில 1 இருந்தாலும் கூட்டினா அதே 5தான். பிரிச்சுப் பாக்க நூல் வேணும், வீடு கட்டேக்க மேசன்மார் நூல் பிடிக்கிற மாதிரி. சசியிட அடியில முன்னாலயும் பின்னாலயும் நடுக்கோட்டில இருக்கிற ரெண்டு ஆணியைப் பாத்து வையுங்கோ. காரிட ரெண்டு பக்கமும் கண்ணாடியில நீட்டா நூல் இழுத்து டேப்பால ஒட்டுங்கோ, அந்த ஆணி ரெண்டில இருந்தும் நூலுக்குள்ள தூரம் முன்னாலயும் பின்னாலயும் ஒண்டா இருக்கோணும். இப்ப அடிமட்டத்திட முன் முனைக்கும் பின் முனைக்கும் நூலில இருந்து எவ்வளவு எண்டு அளந்தா அந்தச் சில்லிட டோ தனியா வரும், 5.2 மில்லிக்கு 1 டிகிரி. பின் டோ பெரும்பாலான கார்ல துண்டிலயே முடிவாகி இருக்கும், 2ல இருந்து 3 டிகிரிக்குள்ள. ரெண்டு பக்கமும் ஒண்டா வரேல்லையெண்டா ஏதோ வளைஞ்சிருக்கு, ஆர்மையும் அதுக்குள்ள போற கம்பியையும் கழட்டி, கம்பியைக் கண்ணாடியில உருட்டிப் பாருங்கோ, வளைஞ்ச கம்பி துள்ளி உருளும்.

முன்சில்லுக்கும் அதே அளவெடுப்புத்தான், ரிமோட் போட்டபடி, சர்வோ நடுவில நிக்கேக்க. தொடக்கத்துக்கு பூச்சியம் வையுங்கோ. ஸ்டியரிங் தடி அச்சுக்குப் பின்னால பூட்டியிருந்தா தடியை நீட்ட டோ-இன் கூடும், முன்னால பூட்டியிருந்தா மறுவளம். ரெண்டு தடியையும் ஒரே அளவு திருப்பிக்கொண்டு போங்கோ.

முழுக்க ஒடிச்சுப் பாக்கேக்க உள்சில்லு வெளிச்சில்லை விடக் கூடத் திரும்பி நிக்கும். அது பிழை இல்லை, வளைவில உள்சில்லு சின்ன வட்டம் அடிக்கவேணும். 1817ல மியூனிக்கில லங்கன்ஸ்பெர்கர் எண்ட குதிரைவண்டி செய்யிறவர் கண்டுபிடிச்சது, அடுத்த வருசம் இங்கிலாந்தில அக்கர்மன் எண்டவர் உரிமம் பதிஞ்சதால அவரிட பேர் நிண்டுபோச்சு. அதைச் சரிபண்ணப் போய் நல்ல டோவைக் கெடுத்துப்போடாதீங்கோ.

ஓட்டிப் பாக்கிறது

காலமை ஆறு ஆறரைக்கு உள்ரோட்டில, ஆக்கள் வாகனம் இல்லாத நேரம் பாத்து ஓட்டுங்கோ. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் எண்டா மான் குறுக்க வரும், அங்க ஓட்டவே வேண்டாம், பாவம் அதுகள் மிரண்டு ரோட்டுக்குப் பாயும். ஒரு 20 மீற்றருக்கு மெல்லமா, ஸ்டியரிங்கில விரல் வைக்காம விடுங்கோ. பிறகு அதே ரோட்டில மறுதிசையில விடுங்கோ.

இந்த மறுதிசை ஓட்டம் எங்கட ஊருக்குக் கட்டாயம். ஆடி ஆவணியில கச்சான் காத்து தரைப்பக்கமா இருந்து கடலைப் பாத்து அடிக்கும். வடக்க போகேக்க கார் வலப்பக்கம் போகும், தெற்க திரும்பி வரேக்க இடப்பக்கம் போகும், ரெண்டு தரமும் கடல்பக்கம்தான். அது காத்து, இல்லாட்டி ரோட்டிட சரிவு, காரைத் தொடவேண்டாம். போகேக்கயும் வலம், வரேக்கயும் வலம் எண்டாத்தான் பிழை கார்ல. திரொட்டில் விட்டு உருளேக்க நேரா வந்து, திரொட்டில் பிடிக்க மட்டும் இழுத்தா டோவைப் பாக்காதீங்கோ, கத்தி நுனியில பாத்த அந்த முறுக்கைத் திரும்பப் பாருங்கோ, டயர் ரெண்டும் ஒரே தேய்வா எண்டும் பாருங்கோ.

எல்லாம் சரியா இருந்து ஒரு மயிரிழை இழுத்தா, இப்ப ட்ரிம்மைத் தொடலாம், ரெண்டு மூண்டு கிளிக்குக்குள்ள முடியோணும். அதுக்கு மேல கேட்டுதெண்டா எங்கயோ அளவு தப்பியிருக்கு. பிறகு ரிமோட்டில ஸ்டியரிங் எல்லையை, வலத்துக்கும் இடத்துக்கும் கார் ஒரே அளவு வட்டம் அடிக்கிற மாதிரி வையுங்கோ.

நாலைஞ்சு பற்றறி ஓடினாப் பிறகு டயரை விரலால தடவிப் பாருங்கோ. உள்விளிம்பு கூடத் தேய்ஞ்சா நெகட்டிவ் கூடிப்போச்சு, வெளிவிளிம்பு தேய்ஞ்சா காணாது, அரை அரை டிகிரியா மாத்துங்கோ.

மருமகனிட கார்ல கடைசியில கண்டது இதுதான்: பின் வலது மேல்தடி கப் கழண்டதால அந்தச் சில்லு பொசிட்டிவ் பக்கம் சாஞ்சு நிண்டது, முன் இடது ஸ்டியரிங் தடி மதிலில அடிபட்டு வளைஞ்சிருந்தது, சர்வோக் கை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தது. மூண்டும் சேந்துதான் அவ்வளவு இழுவை. கப் புதுசு ஒண்டு, தடி ஒண்டு, மிச்சமெல்லாம் பின்னேரம் ரெண்டு மணித்தியால வேலை. அடுத்தநாள் காலமை எங்கட கேற்றடியில இருந்து சந்திப் பக்கம் விட்டான், நூல் பிடிச்ச மாதிரிப் போச்சு, திருப்பி விட்டான், அப்பிடியே வந்துது. ட்ரிம் பூச்சியத்தில. நாலு சில்லிட அளவையும் திகதி போட்டுத் தன்ட கணக்குக் கொப்பியிட கடைசிப் பக்கத்தில அவனே எழுதி வைச்சிருக்கிறான், இனி எங்கயும் அடிபட்டா முதல்ல அந்தப் பக்கத்தைத் திறந்துதான் ஒப்பிட்டுப் பாப்பான்.